ஏற்காட்டுக் குச்சியைப் பிடுங்காதீர்கள்: ஜின்கோ வளர்ப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஜப்பானில் இருக்கும் மகன், ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிய ஜின்கோ என்ற, டைனோசர் காலத்துப் பரம்பரையைச் சேர்ந்த விசிறி இலை மரம் ஒன்றின் படத்தை அனுப்பினான். அந்த ஆசையில் 'ஆண், பெண் ஜோடி' என்று ஆன்லைனில் விற்ற இரண்டு கன்றுகளை வாங்கினேன். இரண்டு வருடம் ஆகிறது. ஒன்று சேலம் வீட்டு மொட்டைமாடியில், தொட்டியில். இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோகிறது, இரண்டு விரற்கடைகூட வளரவில்லை. டிஏபி, பஞ்சகவ்யா, மீன் அமிலம் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இன்னொன்று தோட்டத்தில், மண்ணில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் இலை முழுக்கக் கொட்டியது. ஏப்ரல் பிறந்தும் துளிர் இல்லை. செத்துவிட்டது, பிடுங்கிவிடலாம் என்கிறார் தோட்டத்து ஆள். அணுகுண்டுக்கே தப்பிய மரம் ஏற்காட்டில் பிழைக்காதா? ஜோடி என்பது உண்மையா, காய்க்குமா? அம்மாவுக்கு மறதி அதிகமாகிறது, இலையைக் காய்ச்சிக் கொடுக்கலாமா? மகன் அடுத்த முறை வரும்போது விதை கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்:

ஐயா, முதலில் தோட்டத்து ஆளுக்குப் போன் போட்டு, அந்தக் குச்சியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அடுத்த முறை நாகலூர் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். நுனியில் கை வைக்காமல், தண்டின் பாதி உயரத்தில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரு நெல்லளவுக்குச் சுரண்டுங்கள். மேல்தோல் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். அதற்கு அடியில் ஈரத்தோடு பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்து, நகத்தில் தூளாக உதிர்ந்தால் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் மனம் விடாமல் இன்னும் நாலு விரற்கடை கீழே இறங்கிச் சுரண்டுங்கள். நுனி காய்ந்து அடி பச்சையாக இருப்பது இந்த மரத்தில் சகஜம்.

பட்டையைப் பார்த்ததோடு மொட்டையும் பாருங்கள். ஜின்கோவில் இரண்டு விதமான கிளை உண்டு. ஒன்று நீண்டு வளரும் கிளை. இன்னொன்று தண்டின் பக்கவாட்டில் முண்டு முண்டாக நிற்கும் குறுங்கிளை. வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அது நீளாது. போன வருடம் இலை விழுந்த தழும்புகள் அதைச் சுற்றி வளையமாகத் தெரியும். அதன் தலையில் பழுப்புச் செதில் மூடிய ஒரு சின்ன மொட்டு உட்கார்ந்திருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். பொக்காக நசுங்கினால் அந்த மொட்டு போச்சு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கன்றில் கெட்டி மொட்டு இரண்டு மூன்றாவது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜூன் முடியும்வரை பொறுங்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? இந்த மரத்துக்கு வருடத்தில் சில வாரம் நல்ல குளிர் வேண்டும். அதன் சொந்த நாடான சீனாவில், இலையுதிர்காலத்தில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையை உதிர்த்துவிட்டு மொட்டு உறக்கநிலைக்குப் போகிறது. ஒருமுறை அப்படிப் போய்விட்டால், நடுவில் நாலு நாள் வெயில் அடித்தாலும் எழாது. அது மரத்தின் தற்காப்பு: பனிக்காலத்தின் நடுவே ஏமாந்து துளிர்த்தால் கொழுந்து கருகிவிடும். 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் போதுமான நேரம் கழிந்த பிறகுதான் உள்ளே பூட்டு திறக்கிறது. அதற்கப்புறம் வெப்பம் ஏறினால் மரம் முழுக்க ஒரே சமயத்தில் துளிர்க்கும். குளிர் பற்றாமல் போனால் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. துளிர் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். நுனி மொட்டு மட்டும் திறக்கும், பக்க மொட்டுகள் அப்படியே கிடக்கும். சில கிளை இலையோடும் சில கிளை வெறுமையாகவும் நிற்கும். ஏற்காட்டில் உங்களுக்கு நடப்பது இதுதான். இதற்கு மருந்தும் இல்லை, உரமும் இல்லை.

'ஏற்காடு குளிர்தானே' என்று கேட்பீர்கள். நமக்குக் குளிர், ஜின்கோவுக்கு இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 12, 13 டிகிரி வரை இறங்கும். பகலில் மறுபடி இருபதைத் தாண்டிவிடும். 640 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது டேராடூன், ஏற்காட்டில் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் அங்கே ஜின்கோ மரங்கள் நன்றாக வளர்ந்து நிற்கின்றன. ஜனவரி இரவில் அங்கே 5, 6 டிகிரி சாதாரணம். அந்த ஊர் 30 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, நாம் 12-க்கும் கீழே. உயரத்தை வைத்து மட்டும் மலைமரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஏற்காட்டில் பேரிக்காய் காய்க்கிறதே என்றால், அது குறைந்த குளிரே போதும் என்று பல தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். ஜின்கோவில் நமக்காக அப்படி யாரும் தேர்ந்து வைக்கவில்லை.

ஹிரோஷிமா கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி குண்டு வெடித்த இடத்துக்குச் சுமார் 1.1 கிலோமீட்டர் தூரத்தில் ஹோசென்போ என்ற புத்தர் கோயில் இருந்தது. கோயில் தரைமட்டமானது. அதன் வாசல் ஜின்கோ கருகிப்போய், அப்புறம் துளிர்த்தது. பின்னாளில் கோயிலைத் திரும்பக் கட்டியபோது மரத்தை வெட்டாமல், அதைச் சுற்றி வருகிற மாதிரி படிக்கட்டு அமைத்தார்கள். உங்கள் மகன் அனுப்பியது இந்த மரமாகக்கூட இருக்கலாம், அந்த ஊரில் தப்பிய ஜின்கோக்கள் இன்னும் சில உண்டு. மரத்தைக் காப்பாற்றியது மண்ணுக்குள் இருந்த வேரும், பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகளும். தீ, புகை, பூச்சி, நகரத்துத் தூசி எல்லாவற்றையும் இது தாங்கும். நியூயார்க், சியோல், டோக்கியோ தெருக்களில் வரிசையாக நட்டிருப்பதும் அதனால்தான். ஆனால் அந்த ஊர்கள் எல்லாவற்றிலும் பனிக்காலம் உண்டு. ஹிரோஷிமாவில் ஜனவரி மாதச் சராசரியே 5 டிகிரி அளவுதான். தாங்குகிற சக்தி வேறு, தேவைப்படுகிற பருவம் வேறு.

என் கணிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக் கன்று பிழைக்கலாம், மெதுவாக வளரலாம். படத்தில் பார்த்த பெரிய மரம் வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். குளிர்நாடுகளில் உதிர்வதற்கு முன் ஜின்கோ இலை காட்டும் பொன்மஞ்சளும் இங்கே அதே அளவில் கிடைக்காது. பச்சையம் சிதையும்போது இலையில் ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் நிறமி வெளியே தெரிவதுதான் அந்த நிறம். பளிச்சென்ற பகலும் நல்ல குளிர் இரவும் சேர்ந்தால்தான் மரம் முழுக்க ஒரே நேரத்தில் அது நடக்கும். நம் மலையில் திட்டுத் திட்டாக மஞ்சளாகி, ஓரம் பழுத்து, பத்துப் பத்தாக விழும். இதற்குச் சம்மதம் என்றால் தொடர்ந்து வளருங்கள். ஒரு அபூர்வ மரம் தோட்டத்து மூலையில் நிற்கட்டும் என்பது நல்ல ஆசைதான். தோட்டத்துக்கு நிழல் வேண்டும், வரிசையாக நட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் இதில் பணம் போடாதீர்கள்.

இனி நாகலூர் கன்றுக்குச் செய்ய வேண்டியது.

அது சில்வர் ஓக் நிழலில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. காப்பித் தோட்டம் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று யூகிக்கிறேன். காப்பிக்குப் பிடித்த நிழல் ஜின்கோவுக்கு ஒத்துவராது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வீர்கள் இல்லையா, அப்போது இந்தக் கன்றுக்கு மேலே இருக்கும் கிளைகளையும் சேர்த்துக் கழித்துவிடச் சொல்லுங்கள். இடத்தையே மாற்றுவதென்றால், வடக்குப் பார்த்த சரிவு நல்லது. பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் சூடு குறைவு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவிலிருந்து கீழே இறங்கித் தேங்கும். அதனால் சரிவின் அடிப்பாகம் மேட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி குளிராக இருக்கும். ஆனால் குளிர் தேங்கும் இடத்தில்தான் தண்ணீரும் தேங்கும். அடிவாரத்தில் நட்டால் ஒன்றரை அடி மேடு போட்டு, அதன் மேல் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும். ஜின்கோ சாவதற்கு நம் பக்கத்தில் குளிர்க்குறைவைவிட இது பெரிய காரணம்.

மண் விஷயத்தில் கவலை வேண்டாம். சேர்வராயன் மலையின் புளிப்புச் சாய்ந்த செம்மண் அதற்குப் போதும். இரண்டடிக்கு இரண்டடி குழி, மக்கிய தொழு உரம் ஒரு கூடை, மேல்மண். அவ்வளவுதான். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிட்டு மூன்று நாலு அங்குலம் சருகு மூடாக்குப் போடுங்கள். சில்வர் ஓக் சருகே தாராளமாகக் கிடக்கும். தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். ஜனவரியிலிருந்து கோடை மழை வரும்வரை வாரம் ஒரு குடம் தண்ணீர். இலை இல்லாத சமயத்திலும் வேர் முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. அதற்காகத் தினமும் ஊற்றவும் வேண்டாம். செப்டம்பருக்கு மேல் தழைச்சத்து எதுவும் கொடுக்காதீர்கள். கார்த்திகையில் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும் கன்று உறக்கத்துக்குத் தயாராகாது. இலை மஞ்சளாகும்போது, ஐயோ பாவம் என்று ஒரு கை யூரியா போடுவார்கள் பாருங்கள், அதைவிடக் கெடுதல் இல்லை.

இன்னொன்று. இலை கொட்டிய ஜின்கோ, பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் காய்ந்த குச்சி. களை வெட்ட வருபவர்கள் அதைக் களையோடு சேர்த்து வீசிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு பக்கமும் உயரமான மூங்கில் முளை அடித்து, முளைக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். காட்டெருமை நடமாட்டம் இருக்கும் பக்கம் என்றால் முள்கம்பி வேலியும் வேண்டும். இலையை அது விரும்பித் தின்னும் என்பதற்காக அல்ல, போகிற போக்கில் மிதித்துவிடும் என்பதற்காக.

சரி, சேலம் மாடிக்கு வருவோம். இங்கே பிரச்சினை வேறு. ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மாவிலையிலோ அரச இலையிலோ நடு நரம்பு ஒன்று இருக்கும், அதிலிருந்து கிளை நரம்பு பிரிந்து வலையாகப் பின்னியிருக்கும். ஜின்கோ இலையில் நடு நரம்பே கிடையாது. காம்பிலிருந்து புறப்படும் நரம்பு இரண்டாகப் பிரியும், அது மறுபடி இரண்டாகும், இப்படியே விசிறியின் விளிம்புவரை போய் நின்றுவிடும். ஒரு நரம்புக்கும் அடுத்ததற்கும் குறுக்கு இணைப்பு அநேகமாக இருக்காது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அந்த விளிம்பு. மாடியில் வெக்கைக் காற்று அடிக்கும்போது வேர் ஈடுகொடுக்க முடியாவிட்டால் முதலில் காய்வதும் அதே விளிம்புதான். உப்பும் அங்கேதான் சேரும்.

உப்பைப் பற்றிக் கேட்கிறேன்: போர் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? சேலத்தில் பல பக்கம் போர் தண்ணீர் கடினமானது. மக்னீசியம் நிறைந்த மேக்னசைட் கல்லை வெட்டியெடுக்கும் ஊரில் வேறெப்படி இருக்கும்! தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கு மேல் டிஏபி. அது போதாதென்று மீன் அமிலம். பாவம், கன்றுக்குப் பசியே இல்லை. நீங்கள் போட்ட சத்தெல்லாம் உப்பாகத் தங்கி வேரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. எல்லா உரத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை, குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ, மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியே முழுக்க வடியவிடுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

தொட்டியை மாடியிலிருந்து இறக்கி, வீட்டின் கிழக்குப் பக்கம் தரையில் வையுங்கள். காலை பத்து, பதினொரு மணிவரை வெயில் பட்டால் போதும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் அதைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தென்னை நார்க் கழிவை நனைத்துத் திணியுங்கள். சித்திரை வெயிலில் மாடித் தளத்தில் இருக்கும் கறுப்புத் தொட்டிக்குள் கை விட்டுப் பார்த்தால் வேர் என்ன பாடுபடும் என்பது புரியும். தீய்ந்த இலைகளைப் பிய்க்க வேண்டாம். மீதியிருக்கும் பச்சைதான் இப்போதைக்கு அதற்குச் சாப்பாடு.

ஆனால் இது கோடையைத் தாண்டுவதற்கான ஏற்பாடு மட்டும்தான். 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் ஜின்கோ நிரந்தரமாக வாழாது. சாகாமல் இருந்தால்கூட வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும். ஜூன் மாதம் மழை தொடங்கியதும் இதையும் மலைக்கு ஏற்றிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் தொட்டி உருளாமல் காரில் காலடியில் வைத்துக் கொண்டுபோங்கள், டிக்கியில் வேண்டாம். போனவுடன் நடாமல் இரண்டு மூன்று வாரம் தொட்டியோடு நிழலில் வையுங்கள். நடும்போது வேர்க்கட்டியைப் பாருங்கள். தொட்டிச் சுவரை ஒட்டி வட்டமடித்த வேர் இருந்தால் அதை வெட்டிவிட்டு, மற்ற வேர்களை விரித்து நடுங்கள். தண்டின் நுனியை வெட்டக் கூடாது. கிளை பிரியட்டும் என்று நுனியைக் கிள்ளும் பழக்கம் ரோஜாவுக்குச் சரி. ஜின்கோவுக்கு இளமையில் கவாத்து எதுவும் தேவையில்லை. ஏறுமாறாக வளர்வது அதன் இயல்பு.

அடுத்தது அந்த ஜோடி. ஜின்கோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பது உண்மை. விதையிலிருந்து முளைத்த கன்றைப் பார்த்து இது ஆண், இது பெண் என்று சொல்ல யாராலும் முடியாது. பரிசோதனைக் கூடத்தில் மரபணுவைப் பார்த்தால் சொல்லலாம், நர்சரிக்காரர் பார்வையால் சொல்ல முடியாது. நடுவில் பிளவு இருக்கும் இலை ஆண், பிளவு இல்லாதது பெண் என்று ஒரு கதை சுற்றுகிறது. உங்களுக்கு விற்றவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். நீண்ட கிளையில் வரும் இலை ஆழமாகப் பிளந்திருக்கும், குறுங்கிளையில் வருவது பிளவில்லாமல் இருக்கும். ஒரே மரத்தில் இரண்டும் இருக்கும். ஒரே வழி, ஆண் அல்லது பெண் என்று தெரிந்த மரத்திலிருந்து எடுத்து ஒட்டுக் கட்டிய கன்று. மல்கோவா கொட்டையைப் போட்டால் மல்கோவா வரும் என்று நம்ப முடியாது, ஒட்டுக்கன்றுதான் நிச்சயம் என்பது சேலத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கன்றில் அடியில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜோடி என்று வாங்கிய விலை வீண்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. லண்டன் கியூ தோட்டத்தில் 1762-இல் நட்ட ஜின்கோ இன்றும் நிற்கிறது. அது ஆண் மரம். ஐரோப்பாவுக்கு முதலில் வந்து சேர்ந்த மரங்கள் எல்லாம் ஆணாகவே பூத்துக்கொண்டிருந்தன. 1814-இல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மரம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து கிளை எடுத்துப் பல ஊர்களில் ஒட்டுக் கட்டினார்கள்.

பெண்ணாகவே இருந்தாலும் காய்ப்பதற்கு இருபது, முப்பது வருடம் ஆகும். குளிர் போதாத இடத்தில் அதுவும் நிச்சயமில்லை. காய்க்காததில் ஒரு லாபமும் இருக்கிறது. பழுத்து விழுந்த ஜின்கோ விதையின் மேல் சதை கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கும். உண்மையிலேயே வெண்ணெய் கெடும்போது உண்டாகும் பியூட்ரிக் அமிலம்தான் அதிலும் இருக்கிறது. வெளிநாட்டு நகராட்சிகள் தெருவில் நடுவதற்கு ஆண் ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குவது இதற்காகவே.

சேர்க்கை நடக்கும் விதம் இன்னும் வேடிக்கை. மகரந்தம் காற்றில் வந்து இறங்கிய பிறகு, மாதங்கள் கழித்து, அதிலிருந்து வெளிவரும் ஆண் அணு தண்ணீர்த் துளியில் நீந்திப் போய் முட்டையை அடைகிறது. நீந்தும் விந்தணு பாசிக்கும் பெரணிக்கும் உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். 1896-இல் டோக்கியோவின் கொய்ஷிகாவா தோட்டத்து மரத்தில் ஹிராசே சாகுகோரோ என்பவர் இதை நுண்ணோக்கியில் பார்த்தார். அதே வருடம் இக்கெனோ என்ற இன்னொரு ஜப்பானியர், பனை மாதிரித் தோன்றும் சைக்கஸ் என்ற செடியில் இதையே கண்டார். சைக்கஸை இங்கே நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாடியில் டைனோசர் காலத்துப் பரம்பரையில் வந்த ஒரு செடி வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சைக்கஸ் ஒன்றை வாங்கி வையுங்கள். பரம்பரையில் ஜின்கோவுக்குக் குறைந்ததில்லை, சேலம் வெயிலுக்கு அசையாது, எந்த நர்சரியிலும் கிடைக்கும். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் எச்சரிக்கை, அதன் எல்லாப் பாகமும் விஷம்.

அம்மாவுக்கு இலைக் கஷாயம் வேண்டாம். நான் மருத்துவன் இல்லை, செடிக்காரனாகச் சொல்கிறேன். பச்சை இலையில் ஜின்கோலிக் அமிலங்கள் உண்டு, முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயில் இருப்பவற்றுக்கு நெருங்கிய உறவு, தோலையும் குடலையும் புண்ணாக்கக் கூடியவை. மருந்துக் கம்பெனிகள் சாறு எடுக்கும்போது இவற்றை நீக்கிவிடுகின்றன. அடுப்பில் காய்ச்சினால் அது நடக்காது. நீக்கிய சாறாவது பலன் தருகிறதா? அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரைச் சேர்த்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாளைக்கு இரண்டு வேளை 120 மில்லிகிராம் சாறும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பல வருடம் கவனித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: மறதிநோய் வருவதை அது தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கவோ இதயத்துக்காகவோ ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு அபாயமும் சேர்ந்துகொள்ளலாம். வயதானவருக்கு மறதி என்றால் பி12 குறைவு, தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இலைக்காகக் காத்திருந்து அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

விதையையும் தின்னக் கொடுக்கக் கூடாது. ஜப்பானில் வறுத்துச் சாப்பிடுகிறார்கள்தான், சில எண்ணிக்கைக்கு மேல் போனால் அங்கேயும் வலிப்பு வந்து மருத்துவமனைக்குப் போகிறார்கள். பி6 வைட்டமினின் வேலையைத் தடுக்கும் ஒரு நச்சு அதில் இருக்கிறது. வறுத்தாலும் போகாது. குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து.

மகன் பெட்டியில் விதை கொண்டுவருவது சட்டப்படி முடியாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, வெளிநாட்டிலிருந்து நடுவதற்கான விதை வர வேண்டுமென்றால் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு கொடுக்கும் தாவர நலச் சான்றும் வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பறிமுதல். நாலு விதைக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. வடக்கே நைனிதால், முசூரி பக்கம் உறவோ நண்பரோ இருந்தால் அங்கே காய்க்கும் பெண் மரம் இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் விழுந்த விதையை அனுப்பச் சொல்லுங்கள்.

விதை வந்தால் செய்ய வேண்டியது இது. கையுறை போட்டுக்கொண்டு சதையைப் பிசைந்து கழுவுங்கள், வெறுங்கையால் தொட்டால் அரிக்கும். வெள்ளை ஓட்டோடு இருக்கும் கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிடுங்கள். விதை விழும்போது உள்ளே கரு முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் முதலில் ஈர மணலில் கலந்து ஒன்றரை மாதம் வீட்டுச் சூட்டிலேயே வையுங்கள். அப்புறம் அதே மணலோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, பிரிட்ஜின் காய்கறித் தட்டில் இரண்டு மாதம். வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பலாக்கொட்டை என்று நினைத்துக் குழம்பில் போட்டுவிடப் போகிறார்கள். வாழை, ஆப்பிள் மாதிரி பழங்களைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அவை விடும் எத்திலீன் வாயு விதைக்கு ஆகாது. வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சை வந்திருந்தால் கழுவி, மணலை மாற்றுங்கள். பிறகு ஏற்காட்டிலேயே, ஆழமான பையில், ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஆணிவேர் வேகமாக இறங்கும், குட்டையான பை உதவாது. மேலே கம்பிவலை போட்டு மூடிவிடுங்கள், எலியும் அணிலும் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காது.